ரூஃபஸ் குவெனலின் மன்னிப்பு

மார்ச் 10, ஞாயிறு

நேற்று டிவியில் அந்தப் பாட்டுப் போட்டியை ஒளிபரப்பிவிட்டார்கள். முழுப் பாட்டும் பாடினேன். காட்டியது குரல் உடைந்த அந்த ஒரு வரியை மட்டும். அப்புறம் ரூஃபஸ் குவெனலின் மூஞ்சி. நடுவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உதட்டோரச் சிரிப்போடு: "லோர்னா, குளிக்கிற ரூம்ல பாடுறது தப்பே இல்ல. கதவ யாரு திறந்து விட்டாங்க, அதுதான் எனக்குத் தெரியணும்."

நாடே சிரித்தது. கிளைவ் டிவியை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டின புருஷன்!

மார்ச் 11

மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். உடை மாற்றும் அறைக்குள் நான் நுழைந்ததும் பாட்ரிசியா கத்தினாள்: "கதவ சாத்துங்கடி, லோர்னா வந்துட்டா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

மார்ச் 15

பாவி. நல்லாவே இருக்க மாட்டான்.

மார்ச் 24, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு மகள் டாம்சின் வந்திருந்தாள். ஜூனில் அவளுக்குக் கல்யாணம். விருந்தில் நான் பாடுவதாக எப்போதோ முடிவான பேச்சு. தட்டிலிருந்த உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நீ பாட வேணாம். டொமினிக் வீட்ல எல்லாரும் அந்த நிகழ்ச்சிய பாத்திருக்காங்க. உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகவாம்.

அந்த ஆள் என் பெண்ணின் வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஏப்ரல் 4

தொலைக்காட்சியிலிருந்து பிலிப்பா என்ற பெண் போன் செய்தாள். குரலில் தேன். "ரூஃபஸ் பேசினது ரொம்ப அதிகம்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. மேடையிலேயே உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு அவருக்கு ஆசை."

"போகாத லோர்னா, மறுபடியும் உன்ன வச்சு விளையாடுவானுங்க" என்றார் கிளைவ்.

போகத்தான் போகிறேன். அவன் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 19

லண்டனிலிருந்து திரும்பும் ரயிலில் எழுதுகிறேன்.

காலையில் ஒத்திகை. கேமரா சரியாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். என்னையும் ரூஃபஸையும் ஒருமுறை கட்டிப்பிடிக்கச் சொன்னாள் பிலிப்பா. மரக்கட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். அவன்மேல் விலையுயர்ந்த சோப்பு வாசனை.

பிறகு நடைவழியில் தனியாக எதிர்ப்பட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "இங்க பாருங்க, மன்னிப்பெல்லாம் அவங்க எழுதிக் கொடுத்தது. உங்களுக்குப் பாட வராது. அன்னைக்கும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான்."

"அத இவ்வளவு மட்டும் சொல்லிருக்கலாமே. எதுக்கு அசிங்கப்படுத்தினீங்க?"

"இவ்வளவு மட்டும் சொன்னா யாருங்க பாப்பாங்க?"

சொல்லிவிட்டு நடந்து போனான். வெட்கமே இல்லை.

மேடையில் அதே வாய், கண்ணில் தண்ணீரோடு: "உங்க குரல்ல ஒரு உண்மை இருக்கு லோர்னா. அது அன்னைக்கு என் காதுல விழல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடித்தேன். "இப்பதான் வெளியில பாட வராதுன்னு சொன்னீங்க. அதையே இங்கயும் சொல்லுங்க. அதையாவது நேரா சொல்றீங்கன்னு நெனச்சேன். இந்த அழுகை எனக்கு வேணாம்."

அவன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அது போதும். எழுந்து வந்துவிட்டேன். பிலிப்பா பின்னாலேயே ஓடிவந்தாள், நான் நிற்கவில்லை.

மே 5, ஞாயிறு

நேற்று காட்டினார்கள். அவன் அழுகிறான். அவன் பேசுகிறான். அடுத்து நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம் — காலை ஒத்திகையில் எடுத்தது! நான் சொன்னதில் ஒரு வார்த்தை இல்லை. கைதட்டல். பியானோ வேறு.

திருட்டுப் பசங்க. திருட்டுப் பசங்க.

மே 6

பாட்ரிசியா என்னைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு பெரிய மனசுடி அவருக்கு!" நடந்ததைச் சொன்னேன். "சும்மா இரு" என்கிறாள்.

மே 8

டாம்சின் போன். ஒரே குதூகலம். "அம்மா, இப்ப நீ பாடலாம்! அவரே சொல்லிட்டாரே. டொமினிக்கோட அம்மாகூடக் கேட்டாங்க."

"அவர் சொன்னது பொய் டாம்சின்."

"பொய்யோ நிஜமோ, எல்லாரும் பாத்துட்டாங்கல்ல?"

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

கல்யாணம் முடிந்தது. டாம்சின் அழகாக இருந்தாள். விருந்தில் மைக்கை என் பக்கம் நீட்டினார்கள். தலையசைத்து மறுத்துவிட்டு கேக்கைத் தின்றேன். அவள் என்னை இரண்டு முறை பார்த்தாள். நல்ல கேக்.

எங்கள் ஊரான கிரிம்ஸ்பிக்குத் திரும்பும் வழியில், காருக்குள், அவளுக்காக வைத்திருந்த பாட்டைப் பாடினேன். உச்சத்துக்குப் போகும் வரியில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. கிளைவ் கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.