அரிசி ஓட்டிய மில்

என் செல்லத்துக்கு,

உன் அண்ணன் கப்பலில் இன்ஜினியர் ஆகிவிட்டான். உன் சித்தப்பா மகள் நீச்சலில் முதலாவதாக வந்து தலைகால் தெரியாமல் ஆடுகிறாள். குட்டிப்பயல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். நீயோ நம் மில்லின் தரச் சோதனைக்கே அதிகாரி. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்?

அன்று மில்லில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வேர்க்கடலைப்பொடி அரைத்துவிட்டு, வழக்கம்போல் ஒரு படி அரிசி ஓட்டி மில்லைச் சுத்தம் செய்துதானே உன் அப்பன் ஏற்றுமதி மிளகாயைப் போட்டான்? காலங்காலமாக நாம் செய்வதுதான். உன் சோதனையில் மிளகாய்ப் பொடியில் கடலை தெரிந்ததும் லாரியை நிறுத்திவிட்டாய்.

"கடலைக்குப் பயந்து எவளாவது சரக்கை நிறுத்துவாளா? நீ எனக்குப் பொறந்தவளா, வாங்குறவனுக்கா?" என்றான்.

"சில பிள்ளைங்களுக்கு அது துளி பட்டாலும் மூச்சு நின்னுடும்ப்பா," என்றாய்.

அடுத்து நான் பார்த்தது, தரையில் கிடந்த உன் மூக்குக்கண்ணாடியை. பெற்ற எனக்கே அவன் முகம் யாரோ போலிருந்தது.

நீ வீட்டை விட்டு விடுதிக்குப் போனபின் லாரியிலிருந்து மூட்டையெல்லாம் இறக்கிவிட்டான். மில்லைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். "அவ சாப்பிட்டாளாம்மா?" என்று மட்டும் கேட்கிறான். நான் முகம் கொடுப்பதில்லை.

போனில் நன்றாக இருக்கிறேன் என்கிறாய். எனக்குப் போதவில்லை. புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. இடது கன்னம் நன்றாகத் தெரியும்படி நில்.

உன் பாட்டி