‘சொந்த விருப்பம்’ என்று பதிவான துணைப் பாட மாற்றம்

அனுப்புநர்
இளங்கலைப் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
பதிவு எண் 2217,
தற்போது: அரசு பொது மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு, படுக்கை எண் 14.

பெறுநர்
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: என்னை அடித்துக் கையெழுத்து வாங்கி மாற்றப்பட்ட துணைப் பாடத்தை ரத்து செய்து, நான் தேர்ந்தெடுத்த வணிகச் சட்டத்தையே எனக்குத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: துணைப் பாட மாற்றப் படிவம் 4, புதன்கிழமை காலை 11.40 மணி.

மதிப்பிற்கும் பொறுப்பிற்கும் உரிய ஐயா,

1. என் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால், நான் சொல்லச் சொல்ல என் தாயார் இம்மனுவை எழுதுகிறார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து பெரிதாகவும் உருண்டையாகவும் இருக்கும், பொறுத்தருளவும். என் கையொப்பம் இடது கையால் போடப்படுவது. கல்லூரியில் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு அது பொருந்தவில்லை என்று எழுத்தர் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் தம் துறைக்கு வெளியே ஒரு துணைப் பாடம் எடுக்க வேண்டும் என்பதும், முதல் மூன்று வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, பிடிக்காவிட்டால் படிவம் 4 கொடுத்து மாறிக்கொள்ளலாம் என்பதும் தாங்கள் அறிந்ததே. நாளை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதன் பிறகு தலைகீழாக நின்றாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மாற்ற முடியாது. எனவே இம்மனுவை ‘உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்’ என்ற கோப்புக் கட்டில் வைத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

3. நான் வணிகச் சட்டத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தையும் அவர் தம்பியும், அதாவது என் சித்தப்பாவும், கூட்டாகக் கண்ணாடிக் கடை நடத்தினார்கள். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மேசைக் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் கடை. முன்னால் கடை, பின்னால் எங்கள் வீடு. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தை வெட்டு மேசையிலேயே சாய்ந்து இறந்துபோனார். அன்றிலிருந்து என் தாயார் அதே கடையில் கூலியாளாகக் கண்ணாடி விளிம்பு தேய்த்துக்கொண்டிருக்கிறார். “உங்கப்பா போனதோட அவரு இடமும் போச்சு” என்று சித்தப்பா சொன்னார். அது உண்மையா என்று படித்துத் தெரிந்துகொள்ள நினைத்தேன். இது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

4. நான் இந்தப் பாடம் எடுத்ததில் சித்தப்பாவுக்கு அப்போது மகிழ்ச்சிதான். “கடைக்கு ஒரு வக்கீலு வீட்டுலயே கெடக்கட்டும்” என்று கண்ணாடி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

5. இரண்டாம் வாரம் ஆசிரியை, வீட்டில் இருக்கும் ஏதாவது ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். என் தந்தையின் பெட்டியிலிருந்து கடையின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துப்போனேன். ஒன்பதாவது விதியை ஆசிரியை இரண்டு முறை படித்தார். கூட்டாளிகளில் ஒருவர் இறந்தால், அவருடைய வாரிசு இருபது வயது நிறைவதற்குள் எழுத்து மூலம் கேட்டால், இறந்தவரின் இடத்தில் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்கு இருபது வயது நிறைய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வகுப்பில் மற்ற முப்பது பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

6. அடுத்த பயிற்சி, அறிவிப்புக் கடிதம் எழுதுவது. எங்கள் ஆசிரியைக்கு எதையும் அரைகுறையாகச் செய்தால் பிடிக்காது. கடிதம் என்றால் உறை, முழு முகவரி, தபால்தலை எல்லாம் இருக்க வேண்டும். ஒட்டிக் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொள்பவர் போலத் தாமே பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். நான் சித்தப்பாவுக்கு எழுதினேன். ஒன்பதாவது விதியின்படி என் தந்தையின் இடத்தைக் கோருகிறேன் என்று ஆறே வரி. முப்பத்தொரு உறைகளையும் ரப்பர் வளையம் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு ஆசிரியை அடுத்த வகுப்புக்குப் போனார். மாணவர்கள் ‘அலாரம்’ என்று அழைக்கும் அலுவலக உதவியாளர், எந்த வேலையையும் சொல்வதற்கு முன்பே செய்து முடிப்பவர், தபால்தலை ஒட்டிய உறைகளைக் கண்டதும் அத்தனையையும் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு மாணவன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவன் எழுதிய கடிதத்தைப் பார்த்து மிரண்டுபோய், எட்டு மாதமாக ஒழுகிய குழாயை அன்றே சரிசெய்து கொடுத்தாராம். எல்லாருக்கும் அப்படி நல்லது நடக்கவில்லை.

7. செவ்வாய்க்கிழமை மதியம் கடிதம் கடைக்கு வந்தது. சித்தப்பா அதைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் வந்தார். இன்னொரு கையில் கண்ணாடி வெட்டப் பயன்படும் நான்கடி மர அளவுகோல் இருந்தது. அதன் ஓரத்தில் பித்தளைப் பட்டை உண்டு. முதல் அடி இடது காதில் விழுந்தது. அந்தக் காதில் இதுவரை சரியாகக் கேட்கவில்லை. அதன் பிறகு முதுகில் ஏழோ எட்டோ. எண்ணிக்கையில் தவறு செய்யாத துறையைச் சேர்ந்தவள்தான், ஆனால் அன்று எண்ண முடியவில்லை. “சோறு போட்டு வளத்த எனக்கே நோட்டீஸா? தோலை உரிச்சிருவேன்” என்றார். அளவுகோல் முறிந்த பிறகு காலால் மிதித்தார். நானும் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. நான்கு பல் பதிந்தது. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

8. புதன்கிழமை காலை நான் வழக்கம்போல் கல்லூரிக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருப்பதைவிட வகுப்பில் இருப்பது பத்திரம் என்று நினைத்தேன். என் மடத்தனம். பதினோரு மணி வகுப்பில் சித்தப்பா நுழைந்து, ஆசிரியையைத் தள்ளிவிட்டு, என் சடையைக் கையில் சுற்றிப் பிடித்து வராந்தா நெடுக இழுத்து வந்தார். படிக்கட்டில் என் முகம் கைப்பிடிக் கம்பியில் மோதி மூக்கு உடைந்தது. வராந்தாவில் குறைந்தது நாற்பது பேர் இருந்தார்கள். அதில் சிலர் கைப்பேசியை எடுத்தார்கள். படம் பிடிக்கத்தான்.

9. அலுவலக எழுத்தர் நடந்துகொண்ட விதத்தை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பதிவில் என் பாதுகாவலரான சித்தப்பாவே உடன் வந்திருப்பதால் எல்லாம் முறைப்படி இருப்பதாக அவர் முடிவு செய்தார். படிவம் 4 கொடுத்தார். சித்தப்பா என் பிடரியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க நான் பெயர் எழுதினேன். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி, ‘மாற்றத்திற்கான காரணம்’ என்ற கட்டம் முழுவதும் பரவிவிட்டது. எழுத்தர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கறை பட்டா ஏத்துக்க மாட்டாங்கம்மா, வேற ஒண்ணு தர்றேன், பாத்து எழுது” என்று புதுப் படிவம் கொடுத்தார். மேசைமேல் விழாதபடி என் முகத்துக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளையும் விரித்தார். நான் காரணம் எழுதாமல் நின்றதால், ‘சொந்த விருப்பம்’ என்று அவரே நிரப்பினார். காலியிடம் இருந்தது ஒரே ஒரு துணைப் பாடத்தில். அதன் பெயர் ‘உடல்நலமும் சுகாதாரமும்’. ரத்தம் ஒழுக ஒழுக ஒருத்தியை உடல்நலப் பாடத்தில் சேர்த்துக்கொண்ட பெருமை நம் கல்லூரிக்கே சேரும்.

10. ஐயா, அந்த முதல் படிவத்தைக் குப்பைக் கூடையிலிருந்து எங்கள் ஆசிரியை எடுத்து வைத்து, மருத்துவமனைக்கு வந்து என்னிடம் தந்தார். இணைத்துள்ளேன். என்னைப் பொறுத்தவரை, காரணக் கட்டம் உண்மையாக நிரப்பப்பட்ட படிவம் அது ஒன்றுதான்.

11. கையெழுத்தானதும் சித்தப்பா என்னை வாயில் வரை இழுத்துப்போனார். சைக்கிள் நிறுத்துமிடத்தின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. “எழுதுன கை இதுதானே?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் வலது கையைக் கதவு இடுக்கில் வைத்து இழுத்துச் சாத்தினார். சாத்தி, திறந்து, மறுபடியும் சாத்தினார். மூன்று விரல்களில் ஐந்து இடத்தில் முறிவு. கதவு இடித்த சத்தம் கேட்ட வாயில் காவலர் முதலில், “மெதுவா சாத்துங்க சார், தாழ்ப்பா போயிடும்” என்றுதான் குரல் கொடுத்தார். எட்டிப் பார்த்த பிறகு ஓடி வந்து, தம் தடியால் சித்தப்பாவின் முழங்காலில் ஓங்கி இரண்டு போட்டார். அவர் சுருண்டு விழுந்தார். காவலர் என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். வந்தவரைத் தாக்கியதற்காகக் காவலரிடம் கல்லூரி எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்டிருப்பதாக அறிகிறேன். அன்று அந்த வளாகத்தில் தம் வேலையைச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

12. அடித்தது பற்றிக் காவல் நிலையத்தில் தனியே புகார் கொடுத்திருக்கிறோம். சித்தப்பா இன்னும் பிடிபடவில்லை. அது அவர்கள் வேலை. தங்களிடம் நான் கேட்பது தங்கள் கையில் இருப்பதை மட்டும். அந்தக் கடிதம் பயிற்சியா உண்மையா என்று என்னைப் பலரும் கேட்கிறார்கள். தபாலில் போகும் என்று தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் அதில் இருந்த ஆறு வரியும் நான் மனதார நினைத்தது. ஒன்பதாவது விதியைத் தாண்டி ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது. அவற்றை நானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடம் எனக்கு வேண்டும். மதிப்பெண்ணுக்காக அல்ல.

13. எனவே, ‘சொந்த விருப்பம்’ என்ற பெயரில் பதிவான மாற்றத்தை நாளை நான்கு மணிக்குள் ரத்து செய்யவும், வணிகச் சட்டப் பட்டியலில் என் பதிவு எண்ணை மீண்டும் சேர்க்கவும், சித்தப்பா கல்லூரி வாசலை மிதிக்காதபடி உத்தரவிடவும், வாயில் காவலர் மீதான விளக்கக் கோரிக்கையைக் கைவிடவும் பணிவுடன் வேண்டுகிறேன். எழுத்தரைத் தண்டிக்கக் கோரவில்லை. ரத்தத்துக்கும் மைக்கும் வித்தியாசம் மட்டும் அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும்.

இணைப்பு: ரத்தக்கறை படிந்த படிவம் 4, மருத்துவச் சான்று, கூட்டு ஒப்பந்தத்தின் நகல்.

இப்படிக்கு,
மனுதாரர் (இடது கையால்)

ஐயா அவர்களுக்கு,

இது வரை என் மகள் சொன்னதை எழுதினேன். இனி எழுதுவது நான், அவள் தாய். மருந்து கொடுத்ததில் அவள் தூங்கிவிட்டாள்.

ஏழாவது பத்தியில் அவள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். மறந்திருப்பாள் என்று நினைக்க ஆசைதான், ஆனால் அவள் எதையும் மறக்கிற பிள்ளை இல்லை. செவ்வாய்க்கிழமை என் கொழுந்தனார் அளவுகோலை ஓங்கியபோது தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கத்தினால் யாராவது வந்திருப்பார்கள். அந்த ஜன்னலைச் சாத்தியது நான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று சாத்தினேன். அவள் “அம்மா” என்று கூப்பிட்டாள். நான் கொக்கியும் போட்டேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று காலையிலிருந்து இவ்வளவையும் எனக்குச் சொல்லி எழுத வைத்தவள், அந்த இடம் வந்தபோது ஒரு நிமிடம் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.

கல்லூரியில் சேர்த்தபோது படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கொழுந்தனார் பெயரை எழுதியதும் நான்தான். எழுதப் படிக்கத் தெரிந்த நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவர் பெயரை எழுதினேன். ஆம்பிளை பெயர் இருந்தால் மரியாதை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு என்ன படிவமோ, நாளை மதியத்துக்குள் அலுவலகத்துக்கு வந்து நானே எழுதிக் கொடுக்கிறேன். அவர் வாசலில் நின்றாலும் வருவேன்.

இந்தப் பகுதியை என் மகளுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே, இம்மனுவின் நகல் ஒன்றை மனுதாரருக்கும் தபாலில் அனுப்பிவைக்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: வியாழக்கிழமை, பிற்பகல் 3.10 மணி
இடம்: எலும்பு முறிவுப் பிரிவு, படுக்கை எண் 14 அருகில்

இப்படிக்கு,
மனுதாரரின் தாயும் பாதுகாவலரும்