ஒரு பிடி உரம்

வியாழக்கிழமை, இரவு

டைரியின் இந்தப் பக்கத்தையும் ஒரு மீன் தொட்டிக்காகச் செலவழிக்கிறேன், மன்னிக்க வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஈப்போ நகரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் அக்கா, நான் நீர்ச்செடி வளர்க்கும் தொட்டியைச் சனிக்கிழமை பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் அவர் கடையின் செடிப் பகுதியில் எனக்கு வேலை. பட்டம் வாங்கியும் நேர்முகத் தேர்வுகளில் வாய் திறக்க வரவில்லை. எனக்காகத் தொட்டி பேசும் என்று நம்பியிருந்தேன்.

புது இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. விளக்கு நேரத்தைக் குறைத்து, இரும்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வந்தேன். நேற்று சாப்பிடும்போது அப்பாவிடம், "செடிக்குச் சத்து பத்தலப்பா" என்று சொன்னதும் நான்தான்.

இன்று மாலை டியூஷன் எடுத்துவிட்டு வந்தால் தண்ணீர் கலங்கியிருந்தது. கப்பி மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன.

"செம்பனைக்குப் போடுற உரம்தாம்மா. காலைல ஒரு பிடி போட்டேன். ரெண்டு நாள்ல பச்சையாயிரும்லா," என்று அப்பா சிரித்தார். சுங்காய் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் உரம் வீசிய கை அது.

நான் வாளியை எடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நான்கு முறை தண்ணீர் மாற்றினோம். எல்லா வாளிகளையும் அவரே தூக்கினார். சோற்றைத் தொடவில்லை. மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செடித் தண்டுகள் தொட்டாலே குழைகின்றன.

அப்பா, சனிக்கிழமை அக்காவிடம் உரம் போட்டது நான் என்றுதான் சொல்லப்போகிறேன். நீங்கள் மறுக்காமல் என் பக்கத்தில் நில்லுங்கள்.