கோப்பைக்குள் பத்துச் சீட்டுகள்

அக்கா,

படித்ததும் கிழித்துவிடு. அத்தானிடம்கூடக் காட்டாதே.

அப்பாவின் கால்பந்து அணியில் ஆடி, போரில் செத்து, எல்லாரும் மறந்துபோன ஒன்பதாம் நம்பர்காரருக்கு ரசிகர்கள் நாளை மைதானத்தில் படம் திறக்கிறார்கள். "கேப்டன், அன்னைக்குச் சீட்டுக் குலுக்கின கோப்பையையும் கொண்டாங்க!" என்றார்கள். "அது எப்பவோ தொலைஞ்சுபோச்சுப்பா" என்றார் அப்பா.

இன்று அவருடைய அலமாரியில் அதைப் பார்த்தேன். அணியிலிருந்து ஒருவரைப் பட்டாளத்துக்குக் கேட்டபோது, பதினொரு பேருக்கும் சீட்டுப் போட்டதாகத்தானே அப்பா சொல்வார்? எடுத்தது போக மீதிப் பத்தும் உள்ளேயே கிடந்தன. பத்திலும் ஒன்பதாம் நம்பரே இருக்கிறது, அக்கா. அப்பாவின் கையெழுத்து.

நாளை நான் எப்படிக் கைதட்டுவேன்? நீ உடனே

அப்பா கதவைத் தட்டுகிறார். "அம்மாடி, அலமாரிச் சாவி உன்கிட்டயா இருக்கு?"