திருப்பி ஏற்றிய கார்

பார்டர்டவுன்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி ரோரிக்கு,

அக்கா ஜெனீன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உறையைக் குப்பையில் போட்டுவிடாதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கரதாவில் உன் சுரங்கக் குடியிருப்பின் விலாசத்தை அம்மாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அங்கே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் என்று டிவியில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி.

இது மன்னிப்புக் கேட்கும் கடிதம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்ஸைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னார் உன் மச்சான் வார்விக். எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நாளை மர்ரே பிரிட்ஜில் டெஸ் கார் ஓட்டுகிறாள். விபத்துக்குப் பிறகு இதுதான் முதல் பந்தயம். யாரோ வயலில் போட்டிருந்த பழைய கமடோர் கார் ஒன்றை வாங்கி, பத்து மாதமாகக் கொட்டகையிலேயே குடியிருந்து உருவாக்கியிருக்கிறாள். உன் மருமகளுக்கு மண் பாதையில் ஓட்டும் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். டிரெய்லரும் வேறு, பழசுதான், ஆனால் நாலு பக்கமும் மூடியது.

உன் மச்சானுக்கு இடது கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை. தடி ஊன்றிக் கோழிக்கூடு வரை போய்வருகிறார். பிக்கப்பில் கிளட்ச் மிதிக்க அவரால் முடியாது. டெஸ்ஸிடம் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. அதனால் டிரெய்லரை நான்தான் இழுத்துப் போகவேண்டும்.

காரை இன்று காலை மூன்று முறை கட்டிவிட்டேன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். நான்கு மூலைக்கும் பல்சக்கரத்தால் இறுக்கும் நான்கு ராட்செட் பெல்ட், முன்னால் இரண்டும் முன்னோக்கி, பின்னால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பின்னோக்கி. பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டெஸ் கிண்டல் செய்கிறாள். "அம்மா, அது எங்கயும் ஓடிப் போயிடாது. வேணும்னா நீயும் உள்ள ஏறி உக்காந்து புடிச்சுக்கிட்டே வா, நான் ஓட்டுறேன்" என்கிறாள்.

அவளுக்கு என்ன, பேசுவாள். போன வருடம் பந்தயம் முடிந்து திரும்பும் வழியில், நீ கட்டிய பெல்ட் அறுந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நானும் அவளும் தோழியின் காரில் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். டின்டினாராவுக்கு வருமுன், பின்னால் நீயும் அவரும் வந்த பிக்கப்பின் விளக்குகளைக் கண்ணாடியில் காணோம். திரும்பி வந்தால் பிக்கப், டிரெய்லர் எல்லாம் பள்ளத்தில். உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவரை இரும்பு அறுத்து வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் நான் உன்னைக் கேட்டேனே, "ஒரு பெல்ட்டை ஒழுங்காக் கட்டத் தெரியல, நீயெல்லாம் எதுக்குடா வண்டியைத் தொடுறே" என்று, அதைக் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. நீ ஒரு வார்த்தை பேசாமல் போனாய். பதினோரு நாளில் ஊரை விட்டே போய்விட்டாய்.

டெஸ் கூப்பிடுகிறாள். மீதியை வந்து எழுதுகிறேன்.

கூனல்பின்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

ரோரி, மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. எப்படிப்பட்ட அக்கா உனக்கு என்று நீயே படித்துத் தெரிந்துகொள்.

சாலையோரக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரே அவரும் டெஸ்ஸும் கறி பப்ஸ் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

பந்தயத்தில் டெஸ் நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தின சுற்றில் ஒருவன் உரசியதில் சுவரில் போய் இடித்தாள். அவளுக்கு அடியில்லை. காரின் வலது முன்சக்கரம் மட்டும் உள்ளே மடங்கிவிட்டது. இன்று காலை ஏற்றும்போது அந்தச் சக்கரம் உருளவில்லை. நான்தான் சொன்னேன், "முன்பக்கம் ஏறாது, திருப்பிப் போட்டு வாலை முன்னாடி விட்டு வின்ச் கயித்தைச் சுத்தி இழுங்க" என்று. பின்பக்கமாகச் சுலபமாக ஏறிவிட்டது. நான் கட்டினேன். அவர் ஒவ்வொரு பெல்ட்டையும் தடியால் தட்டிப் பார்த்தார். டெஸ் இன்னும் இரண்டு பல் இறுக்கினாள். டைலம் பெண்ட் ஊரில் நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். அசையவில்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். எதிரே ஒரு பெரிய லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் காற்று பட்டதும் டிரெய்லர் லேசாக ஆடியது. பிறகு கொஞ்சம் கூடுதலாக. பிறகு பிக்கப்பையே இடமும் வலமும் இழுக்க ஆரம்பித்தது. நான் பிரேக்கைத் தொடவில்லை. காலை மட்டும் எடுத்தேன். பக்கத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். "இப்படித்தான்... அன்னைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரத்தில் வண்டிகள் நிற்கும் இடம் ஒன்று வந்தது, நுழைத்து நிறுத்திவிட்டேன்.

இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். எந்த பெல்ட் விட்டது என்று பார்க்கத்தான். ஒன்றுகூட விடவில்லை. நான்கும் அப்படியே விறைத்துக்கொண்டு இருந்தன. கார் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்தில் ஆட்டு லாரி ஒன்று நின்றது. அதை ஓட்டுகிறவர், மெர்வ் என்று பெயர், தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா, குடும்பமே துக்கம் கேக்க வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார். டெஸ் விஷயத்தைச் சொன்னாள். உள்ளே எட்டிப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"யம்மா தாயி, இஞ்சினைக் கொண்டாந்து கடைசியில வச்சிருக்கீங்களே! கனம் பூராவும் பின்னாடி அழுத்துனா முன்னாடி பிக்கப்புல மாட்டுன கொக்கியைத் தூக்காதா? அப்புறம் டிரெய்லரு உங்க பேச்சையா கேக்கும்? நீங்க நூறு பெல்ட் போட்டுக் கட்டுங்க, ஆடத்தான் செய்யும். யாரு இப்படித் திருப்பி ஏத்தச் சொன்ன புத்திசாலி?"

நான்தான் என்றேன். அவரிடம் சொல்லவில்லை, வார்விக்கைப் பார்த்துச் சொன்னேன். இன்றைக்கு மட்டுமில்லை, அன்றைக்கும் நான்தான் என்றேன்.

ரோரி, அன்றைக்கும் முன்சக்கரம்தான் உடைந்திருந்தது. உன் மச்சான் பந்தய அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார். மழை தூறியது. நீ சொன்னாய், "அக்கா, மூக்குதான் முன்னாடி போகணும். பத்து நிமிஷம் குடு, சக்கரத்துக்கு அடியில தகடு குடுத்து ஏத்திடுறேன்" என்று. நான் என்ன சொன்னேன்? "மழையில நனைஞ்சுக்கிட்டு உன் பாடத்தைக் கேக்க முடியாதுடா, இழுத்துப் போட்டுக் கிளம்பு." நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று வின்ச்சை மாட்டினாய். வண்டி உருண்டதில்தான் பெல்ட் அறுந்தது. பெல்ட் அறுந்ததால் வண்டி உருளவில்லை. பள்ளத்தில் அந்தப் பெல்ட்டைப் பார்த்ததும் அதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பழி சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது இல்லையா. நான் மறந்துபோய்ப் பேசவில்லை, தம்பி. நினைவு வரும்போதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். ஒரு வருடமாக ஓரிடத்தில் என்னால் உட்கார முடியாததற்குக் காரணம் அதுதான்.

"அவன் சொன்னானா?" என்று கேட்டார் வார்விக். சொன்னான் என்றேன். "உன் காதுல விழுந்துச்சா?" விழுந்தது என்றேன்.

அவர் டிரெய்லரின் ஏற்றப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "கிறிஸ்துமஸுக்கு அவன் அனுப்புன கார்டை நான் பிரிக்கக்கூட இல்ல. ஏன் ஜெனீன் அவன் வாயைத் திறக்கல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்குப் பதில் தெரியும். நீ சொல்லியிருந்தால் அந்த வராந்தாவில் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள். அதற்காகத்தானே பேசாமல் நின்றாய்?

டெஸ் வேலிவரை நடந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, "அம்மா, அழுதது போதும், கட்டையை எடு. முதல்ல காரைத் திருப்புவோம்" என்றாள். மெர்வ் தன் லாரியிலிருந்து ஓர் இரும்புத் தகடு கொண்டுவந்தார். மடங்கிய சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, இறக்கி, திருப்பி, மூக்கு முன்னால் போக ஏற்றினோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. நீ கேட்டது பத்து நிமிடம். நாங்கள் உன் அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் இல்லை. அங்கிருந்து இதுவரை டிரெய்லர் ஓர் அசைவு இல்லாமல் வந்தது.

இந்தக் கடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை கார் பந்தய கிளப் கூட்டத்திலும் எழுந்து சொல்வேன். வராந்தாவில் நின்றவர்களில் பாதிப் பேர் அங்கே வருவார்கள்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை விமானத்தில் கரதாவுக்கு வருகிறேன். அவரும் வருகிறேன் என்றார், நான்தான் முதலில் தனியாகப் போகிறேன் என்றேன். உன் குடியிருப்புக்குள் வெளியாட்களை விடமாட்டார்களாம். பரவாயில்லை, கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். நீ வேலை முடிந்து வரும்வரை நிற்பேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம், ஊருக்கு வா என்றுகூட நான் கேட்க மாட்டேன். அந்த வராந்தாவில் நீ விழுங்கிய பேச்சு எல்லாம் எனக்கு வரவேண்டியது. கேட்டுக்கு வந்து, நாலு பேர் பார்க்க, அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னை எந்தக் குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

கேட்டில் காத்திருக்கப்போகும்,
உன் அக்கா,
ஜெனீன்.