வெயில் ஏறினால் அண்ணாச்சி வருவார்

அண்ணாச்சி, நேற்று மார்க்கெட்டில் ஒருவன் கூலருக்கான வெட்டிவேர்த் தட்டிகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை வந்ததுமே உங்கள் ஈரப் பனியன் நினைவுக்கு வந்தது. முகம் சுட்டது. வெயிலால் அல்ல.

எழுபதுகளில் நம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நான் உலகமகா ஆராய்ச்சியாளன். ஒன்று ஏறும்போது கூடவே எது ஏறுகிறது என்று பார்ப்பதே என் துறை. வெயில் ஏறினால் தெருமுனைத் தர்பூசணிக் குவியல் குதுப்மினாரைத் தொடும். கரண்ட் போவது கூடினால் புல்வெளியில் கயிற்றுக் கட்டில்கள் கூடும். இப்படிச் சட்டம் இயற்றி, ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில் சபைக்கு அறிவிப்பேன்.

நீங்கள் மேல்மாடி. அச்சகத்தில் காலை ஷிப்டு முடிந்து மதியமே திரும்பிவிடுவீர்கள். மாலையில் நான் ஆபீசிலிருந்து வந்தால் என் கூலருக்கு எதிரே, என் நாற்காலியில், பனியன் நனைய உட்கார்ந்திருப்பீர்கள். ஏப்ரலில் எப்போதாவது, ஜூனில் தினமும். விடுவேனா?

"சபையோரே! வெயில் ஏற ஏற நம்ம அண்ணாச்சி வரவும் ஏறுது. தெர்மாமீட்டரே வேண்டாம், இவரு செருப்பு எங்க வாசல்ல கிடக்கான்னு பாத்தா போதும்!"

யாரோ இந்தியில் பெயர்த்துச் சொல்ல, "க்யா பாத் ஹை!" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் மெச்சித் தொடையில் தட்டினார். நீங்களும் சிரித்தீர்கள். "கணக்கு சரிதான் வே" என்று டீயை முடித்துவிட்டு எழுந்தீர்கள்.

மறுநாள் நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால் கூலர் செங்கல் சூளை மாதிரி அனல் கக்குகிறது. மாசமாக இருந்த என் மனைவி ஈரத்துண்டை நெற்றியில் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"தண்ணி ஊத்தலையா?"

"அண்ணாச்சில்லா தெனமும் ஊத்துவாவ. மாசமா இருக்கவ வாளி தூக்கப்படாதுன்னு, குழாயிலேருந்து அவியளே சுமந்து ஊத்துனாவ. நீங்க காத்து வாங்க வந்தாவன்னு சொல்லிச் சிரிச்சிய."

வெயில் ஏறினால் கூலர் அதிகத் தண்ணீர் குடிக்கும். என் பேரறிவுக்கு அது எட்டவில்லை. பனியனில் இருந்தது வேர்வை என்றே நினைத்திருந்தேன்.

மாடிப்படி ஏறினேன். கூலர் இல்லாத உங்கள் அறையில், வெறுந்தரையில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் படுத்திருந்தீர்கள். "சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்த வாய், அங்கேயும் உங்கள்மேல்தான் குறை சொன்னது.

"நீரு சொன்னது பொய்யில்ல. வெயில் ஏறுச்சு, நானும் வந்தேன். எதுக்குன்னுதான் நீரு கேக்கல."

அன்றே இறங்கி வந்து வாளியைத் தூக்கினீர்கள். நான் பிடுங்கப் பார்த்தும் விடவில்லை. அந்தக் கோடை முழுக்க வந்தீர்கள். ஆனால் தண்ணீர் ஊற்றியதும் கிளம்பிவிடுவீர்கள். "உக்காருங்க" என்று எத்தனை கெஞ்சினாலும், "இருக்கட்டும் வே" என்பீர்கள். அந்த நாற்காலியில் நீங்கள் பிறகு உட்காரவே இல்லை.

இப்போதும் நான் வாயாடிதான், அண்ணாச்சி. ஆனால் யாராவது அடிக்கடி வீட்டுக்கு வந்தால் சட்டம் இயற்றுவதில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். அவர் உட்காரும்வரை நானும் நின்றுகொண்டே இருக்கிறேன்.