பாலிசியில் இரண்டு பெயர்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் மனசுதான் கொதிக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

எல்லாம் அந்தக் கார் விஷயம்தான். நீ மோதிய பிறகு இனி இது தேறாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டியை நான் பிடிவாதமாக மெக்கானிக்கிடம் விட்டேன் அல்லவா, நீகூட போனில் "எடைக்குப் போட்டுடும்மா, நான் இனிமே ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்" என்று அழுதாயே. இப்போது முனகல்கூட இல்லாமல் ஓடுகிறது, ஆனால் ஓட்டத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் கேட்டால் ஒருமுறை கழித்துக்கட்டிய வண்டி, தகுதிச் சான்றிதழ் இல்லாமல் பாலிசி கிடையாதாம், சோதனை நிலையத்தில் கேட்டால் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓட்டி வரக்கூடாதாம், நான் என்ன தலையில் தூக்கி வைத்துக்கொண்டா போவேன்? கடைசியில் நன்றாக ஓடுகிற காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். உன் அப்பா டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்து வந்தார். தெருவே வாசலுக்கு வந்து "மறுபடியும் மோதிடுச்சா" என்று துக்கம் விசாரித்தது, எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

அங்கே பிரேக்கைப் பார்த்தார்கள், அடியில் லைட் அடித்துப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றுவிட்டு, சோதனை செய்தவர் டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்து ஃபெயில் என்றார். எனக்கு வந்ததே கோபம், கிழிசல் இல்லை, மாட்டினால் மாட்டுகிறது, எங்களை அலைக்கழிக்கவே இப்படிச் செய்கிறீர்களா என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக "இது ஏற்கெனவே ஒரு ஆளைத் தாங்கிப் பிடிச்சிருக்கும்மா, அந்த இழுப்புல தளர்ந்துபோச்சு, இன்னொரு தடவை தாங்காது" என்றார். அந்த ஆள் நீதானே. திரும்பும் வழியிலேயே மெக்கானிக் கடை வாசலில் லாரியை நிறுத்தி, அதை மாற்றாமல் விட்டதற்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். புது பெல்ட் போட்டு, மறுபடியும் லாரி, மறுபடியும் தெரு, மறுபடியும் மாப்பிள்ளை ஊர்வலம். ஒருவழியாகப் பாஸ்.

சான்றிதழோடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனால், அங்கிருந்த பெண் யாரெல்லாம் ஓட்டுவீர்கள் என்று கேட்டாள். என் பெயரையும் உன் பெயரையும் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மோதினது இவங்கதானே, இவங்க பேரை எடுத்துட்டா பிரீமியம் நிறைய குறையும்மா" என்று எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னாள். அப்பாகூட முழங்கையால் இடித்தார். நான் எடுக்கவிடவில்லை. என் பெண் பெயர் இல்லாவிட்டால் எனக்குப் பாலிசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது லைசென்சை மறக்காமல் எடுத்து வா. உன்னை அழைக்க நான் காரில் வருவேன், திரும்பி வரும்போது நீதான் ஓட்ட வேண்டும். அப்பா பின்சீட்டில் இருந்துகொள்ளட்டும்.

உன் பக்கத்து சீட்டில் உட்காரப்போகும்
அம்மா